மிதிவண்டி யாத்திரையும் வாசியில்லாக் காசும்

யாத்திரையென்பது யாது, அறமென்பது யாது என்னும் இரண்டனையும் தெளியாதார் இருதிறத்தார் இக்காலத்து வழக்கிடுகின்றனர். மேனாடுகளில் தொண்டர் பலர் குழுவாய்க் கூடி, நெடுந்தொலைவு மிதிவண்டியூர்ந்து திருத்தலஞ் சென்று, அச்செலவை முன்னிட்டு நோயாளர்க்கும் வறியார்க்கும் பொருள் திரட்டுகின்றனர். ஒருதிறத்தார் இதனை யாத்திரையன்றென இகழ்வர். மற்றொரு திறத்தார் இதன்கண் குற்றமே இல்லையெனப் புகழ்வர். இருவர் கூற்றும் ஆராயற்பாலன.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா இத்தகைய யாத்திரைக்குப் பெயர்பெற்ற தலம். இயேசுநாதரின் மாணவராகிய யாக்கோபு அடக்கமாயிருக்கும் இடமென்று கிறித்தவர் நம்பும் அத்தலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அடியார் சென்று வருகின்றனர். பிரான்சின் எல்லைப்புறத்தினின்று தொடங்கும் பெருவழி ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளமுடையது. பிறசமயத்தார் யாத்திரைபற்றிய ஆராய்ச்சி சைவர்க்கு எற்றுக்கெனின், எத்தெய்வத்தை வழிபடினும் அதனை ஏற்றுப் பயனளிப்பவன் சிவபெருமானே என்பது சித்தாந்தத் துணிபாகலின், அது சைவர்க்கும் உரித்தேயாம்.

"நடந்து செல்வதே யாத்திரை, உருளையேறிச் செல்வது உல்லாசம்" என்பது முதலாவது தடை. இது பொருந்தாது. என்னை? அத்தலத்துத் திருச்சபையாரே நடந்து வருவார்க்கு 100 கிலோமீட்டரும், மிதிவண்டியில் வருவார்க்கு 200 கிலோமீட்டரும் குறைந்த அளவாக வகுத்து, பத்திநோக்கோடு அவ்வளவு வந்த இருசாரார்க்கும் யாத்திரைச் சான்றிதழ் வழங்குகின்றனர். வருத்தத்தின் அளவறிந்து முறைசெய்தனரேயன்றி உருளையை அவர் விலக்கிற்றிலர். சைவர்க்கு இதனை விரிக்கவும் வேண்டுமோ? திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவரத்துறைப் பெருமான் அருளிய முத்துச்சிவிகையூர்ந்து தலங்கடோறும் எழுந்தருளினார். திருநாவுக்கரசு சுவாமிகள் நடந்தே சென்றார். சிவிகையேறியதனாற் பிள்ளையார் யாத்திரை குறைபட்டதென்று கூறத் துணிவார் யாவர்? திருப்பூந்துருத்தியில் அச்சிவிகையைத் தாங்கினாருள் ஒருவராய் நின்றவர் அரசரேயன்றோ?

இனி, "ஈதலே கருத்தாயின் வீட்டிலிருந்தே ஈயலாம், வழிபாடே கருத்தாயின் பொருள் திரட்டுதல் எற்றுக்கு? இரண்டும் கலப்பின் பசுபுண்ணியமாய் முடியும்" என்பது இரண்டாவது தடை. அற்றன்று. ஒரு செயலைப் பசுபுண்ணியமாக்குவது அதன்கண் விரவும் யான் எனதென்னும் செருக்கேயன்றி வழிபாட்டோடு ஈகை கூடுதலன்று. திருவீழிமிழலையில் நடந்ததை உன்னுக. தலவழிபாடு மேற்கொண்டு வந்த இரு பெருமக்களும் அங்கே பஞ்சங்கண்டு, இறைவன் நாடோறும் அருளிய படிக்காசினால் அடியார்க்கு அமுதளித்தனர். அவருள் அரசர் பெற்ற காசு வாசியில்லாக் காசு. பிள்ளையார் பெற்றதோ வாசியுடைத்தாயிற்று. அரசர் மெய்வருந்திக் கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணமெனப் பெரியபுராணம் கூறும். பின்னர்ப் பிள்ளையாரும் பதிகம் பாடி வாசி நீங்கப்பெற்றார். யாத்திரை, உடலுழைப்பு, பசிதீர்த்தல் என்னும் மூன்றும் ஒருங்கு நின்ற இடம் அதுவாம். ஆகலின் மெய்வருந்தி மிதித்துச் சென்று பிறர்க்குப் பொருளீட்டுவாரை யாத்திரிகரல்லரென்றல் அறியாமையேயாம்.

இத்துணையும் கேட்டு மிதிவண்டித் தொண்டர் மகிழ்ந்து அமைதல் வேண்டா. அவ்வரலாறு அவரையும் வினவாநின்றது: நீவிர் கொணரும் காசு வாசியில்லாக் காசோ?

அறத்தின் பெயரால் இத்தகைய பயணங்களை நடத்தும் நிறுவனங்கள் சில, செல்வோர்க்கு இருவழி காட்டுகின்றன. தன் செலவைத் தானே கொடுத்துச் செல்லுதல் ஒன்று. பிறரிடம் திரட்டிய நன்கொடையினின்றே விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கழித்துக்கொள்ளுதல் மற்றொன்று. நோயாளன் மருந்துக்கென்று ஒரு மூதாட்டி ஈந்த காசிற் பாதி, ஈட்டச் சென்றவன் உண்டிக்கும் உறையுளுக்கும் செலவாயின் அது எவ்வகை அறம்? கொடுத்தார்க்கு முன்னரே உணர்த்திச் செய்யினும் அது வாசியுடைக் காசே. உணர்த்தாது செய்யினோ வஞ்சனையாம்.

"செலவின்றி இது நடவாது" என்பார்க்கு விடை அமெரிக்க நாட்டிலேயே உண்டு. 1980ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 36 பேர் ஏறத்தாழ 220 மைல் மிதிவண்டியூர்ந்து 10,200 டாலர் திரட்டிப் பாஸ்டன் நகரத்து டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்திற்கு உதவினர். அது தலயாத்திரையன்று, ஆயினும் அதன் ஒழுங்கு யாத்திரிகர்க்கும் கொள்ளத்தக்கது. அம்முயற்சி ஆண்டுதோறும் வளர்ந்த காலத்தும், ஓட்டுவோர் திரட்டும் பொருள் முழுவதும் அந்நிலையத்திற்கே செல்லவும், நடத்தும் செலவு பதிவுக்கட்டணத்தாலும் பிற உதவியாலும் நடைபெறவும் அதனை ஆள்வோர் வகுத்தனர். கூடாதென்று சொல்லப்பட்டது கூடிற்றன்றோ?

எஞ்சியது பெயர்ப்பற்று. திங்களூர் அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப்பந்தர்க்குத் தம் பெயரிட்டாரல்லர். தாம் அதுகாறும் கண்டறியாத நாவுக்கரசர் பெயரையே இட்டார். சந்தியாகோவிலும், வரவியலாத நோயாளர் பொருட்டோ இறந்தார் பொருட்டோ யாத்திரை செய்வார்க்கு, அவர் பெயரையும் சான்றிதழிற் பொறித்துத் தரும் வழக்கம் உண்டு. இதனைக் கொள்ளாது, தன் படத்தையும் தான் கடந்த தொலைவையுமே ஊரறியப் பரப்புவான் செய்த அறம், செருக்கென்னும் வட்டத்திற்கு அப்போதே கழிந்துவிடும்.

ஆகலின் இகழ்வார் இகழ்ச்சியை விடுக, செல்வார் தம் செலவைத் தாமே தாங்குக, திரட்டிய காசு குறையாது உரியார் கைச் சேர்க, பெயர் பிறர்க்காகுக. இந்நான்கும் அமையின் மிதிவண்டியும் சிவிகையோடு ஒக்கும். அமையாதாயின், வெறுங்காலொடு நடந்து சென்றானும் ஊர்சுற்றியவனேயாவான்.

திருச்சிற்றம்பலம்