தீவினையாளன் என்றொரு பெயர்



குற்றவாளியைக் குறிக்கப் பண்டைக் கிரேக்கர் வழங்கிய சொற்களுள் ஒன்று ‘ககூர்கோஸ்’. ‘ககோஸ்’ என்றால் தீய. ‘எர்கோன்’ என்றால் வினை. இரண்டும் இணைந்து ‘தீவினையாளன்’ என்னும் பொருளைத் தந்தன. இதே ‘எர்கோன்’ மண்ணோடு சேர்ந்தபோது உழவனைக் குறித்தது; கையோடு சேர்ந்தபோது அறுவை மருத்துவனைக் குறித்தது. ஒருவன் செய்யும் வினையே அவனுக்குப் பெயராக நின்றது.

இச்சொல்லின் பழைய வடிவம் ஹோமரின் ஒடிஸி காப்பியத்தில், 18ஆம் காண்டத்தில் காணப்படுகிறது. அங்கே அது எந்த மனிதனையும் சுட்டவில்லை; வயிற்றைச் சுட்டுகிறது! பிச்சைக்காரன் வேடத்தில் தன் சொந்த மாளிகைக்கே வந்து நிற்கும் ஒடிசியஸை, இன்னொரு பிச்சைக்காரன் சண்டைக்கு இழுக்கிறான். முதியவனாகிய தன்னை இளையவனோடு மோதத் தூண்டுவது தீவினை புரியும் இந்த வயிறுதான் என்கிறான் ஒடிசியஸ். பசியே அங்கு குற்றவாளி!

பிற்காலத்தில் ஏதென்ஸ் நகரத்துச் சட்டம் இச்சொல்லைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்பின் அது பொதுவான வசைச்சொல்லாக மட்டும் இருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரைச் சுட்டும் சட்டச் சொல்லாயிற்று. யார் அவர்கள்? திருடர்கள்; பிறர் மேலாடையைப் பறிப்போர்; மண்சுவர்களைத் துளைத்து வீடு புகுவோர், அதாவது நம்மவர் மொழியில் கன்னக்கோல் வைப்போர்; பணப்பையை அறுக்கும் முடிச்சவிழ்க்கிகள்; சுதந்திர மனிதரைக் கடத்தி அடிமையாக்குவோர். கடைசியாகச் சொன்ன குற்றத்தின் பெயர், அடிமையைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. கால்நடையை ‘நான்கு காலுடையது’ என்று அழைத்த அம்மக்கள், அதே அச்சில் அடிமையை ‘மனிதக் காலுடையது’ என்றழைத்தார்கள். சுதந்திரமானவனைக் கடத்துவது மரணதண்டனைக்குரிய குற்றம். அடிமையைச் சந்தையில் விற்பதோ வணிகம். அந்த நீதியின் எல்லையை எண்ணிப் பாருங்கள்!

இத்தகைய தீவினையாளன் கையும் களவுமாகச் சிக்கினால், குடிமகன் எவரும் அவனைப் பிடித்துச் சிறையதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். ‘பதினொருவர்’ எனப்பட்ட அவ்வதிகாரிகள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பிடிபட்டவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசாரணையின்றி மரணம். மறுத்தால் மட்டுமே நீதிமன்றம். இச்செய்தியைத் தருவது அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு பற்றிய நூல். பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அந்நூல், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் இலண்டனில் அச்சேறியது.

ஒரு பெயர் ஒருவன் மேல் விழுந்தால் என்ன நேரும் என்பதற்குக் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த ஒரு வழக்கே சான்று. லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் நகரத்து இளைஞன் ஒருவன் ஹெரோடிஸ் என்பவரோடு கடற்பயணம் சென்றான். வழியில் புயலுக்கு ஒதுங்கிய இடத்தில், இரவில் கப்பலைவிட்டு இறங்கிய ஹெரோடிஸ் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. பழி இளைஞன் மேல் விழுந்தது. ஆனால் கொலைக்குரிய சட்டப்படி அவன் மீது வழக்குத் தொடுக்கப்படவில்லை. ‘ககூர்கோஸ்’ என்ற பெயரிலேயே அவன் சிறையிலடைக்கப்பட்டான்.

அவனுக்காக ஆன்டிஃபோன் என்னும் அறிஞர் எழுதிக்கொடுத்த வாதவுரை இன்றும் உள்ளது. அந்தப் பெயர் திருடருக்கும் ஆடை பறிப்போருக்கும் உரியது. தான் அவ்விரு குற்றங்களையும் செய்ததாக எவரும் சொல்லவில்லையே என்று அவன் கேட்கிறான். கொலை கொடிய செயல்தான். ஆயினும் அதற்கெனத் தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் இருக்கின்றனவே என்று வாதிடுகிறான். சட்டப்படி மூன்று பிணையாளர்களைத் தர முன்வந்தும் தனக்குப் பிணை மறுக்கப்பட்டதை எடுத்துரைக்கிறான். அவன் செய்தானா, இல்லையா என்ற கேள்விக்கு விடை கிடைக்குமுன்பே, அவனுக்குச் சூட்டிய பெயர் அவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டது! அவ்வழக்கின் தீர்ப்பு நம்மை வந்தடையவில்லை. வாதம் மட்டுமே காலத்தைக் கடந்து நிற்கிறது.

சகோதர, சகோதரிகளே! வினையால் பெயர் பிறப்பது மொழியின் இயல்பு. ஆனால் வினை மெய்ப்பிக்கப்படுமுன் பெயர் முந்திக்கொள்வது அநீதி. இது நீதிமன்றங்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. அடுக்களை அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்த காசு காணாமற்போனால் நம் வாயில் முதலில் வரும் சொல் எது? பிள்ளையை அருகில் அழைத்து, “எடுத்தாயா?” என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அச்செயலைக் கண்டியுங்கள். எதற்காக எடுத்தான் என்பதையும் பொறுமையோடு கேட்டறியுங்கள். “திருடா!” என்று மட்டும் அழைத்துவிடாதீர்கள். காசைத் திரும்ப வைத்துவிடலாம். சூட்டிய பெயரை அத்தனை எளிதில் திரும்பப் பெற இயலாது.