நந்தன் கொடுத்த தோல்

போன ஏப்ரல் 14 அன்று இரும்புலியூரில் எங்க தெருமுனையில் அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டு, ரேடியோ செட் கட்டியிருந்தோம். பத்து மணி வாக்கில் தெருப் பெரியவர் ஒருத்தர் 'நந்தனார்' படப் பாட்டைப் போடச் சொன்னார். 1942இல் ஜெமினி எடுத்த படம். தண்டபாணி தேசிகர் நந்தனாக நடித்துப் பாடியது. ரெண்டாவது பாட்டிலேயே நான் போய் நிறுத்திவிட்டேன். "ஏம்பா, நம்மாளு பாட்டுதானே?" என்றார். வாய்ச்சண்டை ஆகிவிட்டது. அன்றைக்குக் கோபத்தில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

தேசிகர் குரல் என்னையும் உருக்கும், மறைக்கவில்லை. தேவாரம் ஓதிப் பழகிய தொண்டை. அது மேலே ஏற ஏற நமக்குக் கண்ணில் தண்ணி வருது. எதற்காக அழுகிறோம்? கூலிக்காகவா, நிலத்துக்காகவா? சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறவனுக்காக. கெஞ்சல் எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவுக்கு ஆண்டை தப்பித்துக்கொள்கிறான்.

எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்தது, அந்த ஆண்டையே சேக்கிழாரிடம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை எழுதியபோது வேதியரைக் கொண்டுவந்தார். தஞ்சைப் பண்ணையடிமையைக் கண்ணால் பார்த்தவர், அதுவரைக்கும் சரி. ஆனால் 40 வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் பூதகணங்கள் விளைவித்துக் கொடுத்துவிடுகின்றன. நாற்று நட்டவள் எங்கே, கதிர் அறுத்தவன் எங்கே? சினிமாக்காரர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. 1935இல் வந்த படத்தில் நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். வேதியர் வேஷத்துக்கு அசல் ஐயரே கிடைத்தார். நந்தன் வேஷத்துக்கு ரெண்டு படத்திலும் சேரியிலிருந்து யாரும் கிடைக்கவில்லை.

"கடைசியில உள்ள போயிட்டான் இல்ல?" என்று கேட்டார் பெரியவர். எப்படிப் போனான்? தீயில் இறங்கி, பூணூல் போட்ட முனிவனாக எழுந்து போனான். பறையனாகப் போகவில்லை. அதே காவிரிப் படுகையில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஒருத்தரும் பூணூலோடு எழுந்து வரவில்லை. இந்தக் கதையை நம்ப மறுத்துத்தான் அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த அரசனாக எழுதினார்.

ஆனால் சேக்கிழார் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆதனூர் நந்தன் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவன். யாழுக்கு நரம்பும் பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவன். தோல் கருவறை வாசல் வரை போச்சு, கொடுத்தவன் தெருவிலேயே நின்றான். படத்தில் நாம் கேட்பதெல்லாம் அவன் அழுகை. அவன் தொழில் காதில் விழுவதே இல்லை.

எங்க தாத்தா பல்லாவரத்தில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். (பக்கத்துக் குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே குரோம் தோல் கம்பெனியால்தான். இன்று அங்கே வீடு வாங்குகிறவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.) சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெடித்திருக்கும். ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் தாத்தா குரலைக் கவனிக்க மாட்டார். "தோலு நல்லா பதமா இருக்குடா" என்பார். மிருதங்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! இன்றும் மாட்டுத்தோலை அறுத்து, வார் பிடித்து மிருதங்கம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று புத்தகம் போட்டார். வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தருவதாகச் சொன்ன திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, பிறகு முடியாது என்று கையை விரித்தது. மிருதங்கம் மட்டும் அவர்கள் மேடையில் ஏறலாம்.

பெரியவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அடுத்த ஏப்ரலிலும் அவர் அந்தப் பாட்டையே போடட்டும், நான் நிறுத்த மாட்டேன். பாட்டு முடிந்ததும் மைக்கை மட்டும் என்னிடம் தர வேண்டும்.