நத்தை சாகவில்லை என்றால் மருந்து பாதுகாப்பானதா?

பூச்சிமருந்தால் நத்தையின் நரம்பு பாதிக்கப்பட்டால் நமக்கென்ன? இளநாற்றைத் தின்று தீர்க்கும் தங்க ஆப்பிள் நத்தையோடு போராடும் கெடா விவசாயி இப்படித்தான் கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆனால், இது நத்தைமீது இரக்கப்படும் விஷயம் அன்று. நம் உடம்பைப் பற்றிய விஷயம்.

குளிர்நாட்டுக் குளங்களில் வாழும் லிம்னேயா என்ற நத்தை, நரம்பு ஆய்வாளர்களுக்கு நெடுநாள் பழக்கம். மனித மூளையில் ஏறத்தாழ 86 பில்லியன் நரம்பணுக்கள் உள்ளன. இந்த நத்தைக்குச் சுமார் 20,000 மட்டுமே. அவற்றுள் சில மிகப் பெரியவை. எனவே, நுண்ணிய மின்முனையை ஓர் அணுவுக்குள் செலுத்தி, அதன் மின்துடிப்பை நேரடியாக அளக்கலாம்.

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள்களுள் ஒன்று அசெட்டைல்கோலின். நத்தைக்கும் பூச்சிக்கும் மனிதனுக்கும் இது பொது. செய்தி சேர்ந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். குளோர்பைரிபோஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. அழைப்புமணியின் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டாற்போல நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது.

இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு மருந்துகளின் வழி வேறு. பூச்சியின் நரம்பில் அசெட்டைல்கோலின் அமரும் இடத்தில் தாமே அமர்ந்து அதைத் தூண்டுகின்றன. ஆனால், 2015இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், லிம்னேயா நத்தையிடம் இவை நரம்புச் செய்தியைத் தடுத்தன. பூச்சிக்கென்று செய்த மருந்து பூச்சியோடு நிற்பதில்லை. அடுத்த உயிரில் அது எப்படி வேலை செய்யும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட முடிவதில்லை.

மருந்தின் நச்சுத்தன்மையைச் சொல்ல நாம் பெரும்பாலும் காட்டும் எண், சோதனை உயிர்களில் பாதியைக் கொல்லும் அளவு. அது பிணங்களை எண்ணும் கணக்கு. பிழைத்த நத்தை மேய்கிறதா, மூச்சுவிட நீர்ப்பரப்புக்கு வருகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. நரம்பைத் தாக்கும் நஞ்சுக்கு நரம்பையே சோதித்துப் பார்ப்பதுதான் முறை. மருந்தைப் பதிவு செய்யும்போதே இச்சோதனையையும் கேட்க வேண்டும்.

2023 மே மாதம் முதல் வேளாண்மையில் குளோர்பைரிபோஸைப் பயன்படுத்த மலேசியா தடை விதித்தது நல்ல முடிவு. ஆனால், ஒரு மருந்து போனால் இன்னொன்று வரும். செம்பனைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடிப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. அதே நொதியின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஏற்கெனவே இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் மருந்து தெளிப்பவருக்கு வேலையில் சேருமுன் ஒருமுறையும், பிறகு தவறாமல் குறித்த இடைவெளியிலும் அதைச் செய்ய வேண்டும். முதல் அளவு தெரியாவிட்டால், பின்னால் குறைந்ததை எதை வைத்துச் சொல்வது?

மருந்தே கூடாது என்பதல்ல என் வாதம். வயலில் வாத்து விடுவதும், இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைப் பொறுக்கி அழிப்பதும் முதலில் வரட்டும்; மருந்து கடைசியில் வரட்டும். நத்தைக்கு வலித்தால் சொல்லத் தெரியாது. மருந்தடிக்கும் தொழிலாளி தலைச்சுற்றல், கைநடுக்கம் என்று வாய்விட்டுச் சொல்கிறார். அதையாவது நாம் காதில் வாங்க வேண்டாமா?