"பின்னர் வெளியில் நடுக" என்ற ஒரு வரி



அண்மையில் ஒரு தாயார் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தி, "தக்காளிச் செடி காய்ந்துபோய்விட்டது டீச்சர், மகளுக்குப் புள்ளி குறையுமா?" என்று கேட்டார். சன்னலோரத்தில் வைத்து நான்கு வாரம் வளர்த்த நாற்று. ஒரு சனிக்கிழமை காலையில் அதை வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மாலைக்குள் இலைகள் வெள்ளைத் தாளாகிவிட்டன. அந்தப் பிள்ளையின் மேல் தவறே இல்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் கொடுத்த தாளில் "விதையை முளைக்க வைத்துப் பின்னர் வெளியில் நடுக" என்றுதான் இருந்தது. அந்தப் "பின்னர்" என்ற சொல்லுக்குள் பத்து நாள் வேலை அடங்கியிருக்கிறது. அதை நாங்கள் எழுதவில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவர்கள் தாழ்வாரத்தில் வளர்த்த நாற்றுகள் முப்பத்திரண்டையும் ஒரே காலையில் சாகடித்தவள் நான். விருந்தினர் வருகிறார்கள், தோட்டம் பசுமையாகத் தெரியவேண்டும் என்று பத்து மணிக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கச் சொன்னேன். படம் நன்றாக விழுந்தது. மறுநாள் பிழைத்திருந்தது ஒன்றே ஒன்று. ஒரு மாணவன் அதை மட்டும் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். ஏனென்று கேட்டதற்கு, "அதற்கு இன்னும் வெயில் பழகவில்லை டீச்சர்" என்றான். அவனுடைய பாட்டி காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்.

நாம் புரட்டும் தோட்டக்கலைக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பாகத் தக்காளியை வீட்டுக்குள் விதைக்கச் சொல்வார்கள். ஜொகூர் பாருவில் உறைபனி ஏது? நாம் கூரைக்கடியில் விதைப்பது மழைக்கு அஞ்சி. பிற்பகலில் அடிக்கும் ஒரு மழை போதும், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதை மண்ணோடு போய்விடும். முளைத்திருந்தால் தண்டு சாய்ந்து நாற்றழுகல் நோய் பிடிக்கும். ஆகவே கூரை தேவைதான்.

ஆனால், அவர்களுடைய சன்னலும் நம்முடைய சன்னலும் ஒன்றல்ல. அங்கே சூரியன் தாழ்வாகச் செல்வதால் தெற்குச் சன்னல் வழியே ஒளி அறைக்குள் நெடுந்தொலைவு விழும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறோம். நண்பகலில் சூரியன் கூரைக்கு மேலே நிற்கிறது. சன்னலுக்குள் வருவது பெரும்பாலும் வெளிச்சம் மட்டுமே, வெயில் அன்று. அதனால்தான் நம் பிள்ளைகளின் நாற்றுகள் வெளிறி, நூலாக நீண்டு நிற்கின்றன. "கிடுகிடுவென்று வளர்கிறது" என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். அது வளர்ச்சியன்று, ஒளியைத் தேடும் தவிப்பு.

அப்படி வளர்ந்த இலையின் மேல்தோல் மெல்லியது. அதன்மேல் இருக்கவேண்டிய மெழுகுப் பூச்சு தடித்திருக்காது. நேரே வெயிலில் வைத்தால், வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுதியாகும். கடும் ஒளியில் பச்சையமும் சிதைந்து இலை வெளுத்துவிடும். வெளுத்த இலை மீண்டும் பச்சையாவதில்லை.

எனவே பழக்க வேண்டும். உண்மையான இலைகள் நான்கைந்து வந்தபின் தொடங்கலாம். முதலிரண்டு நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் போதும், பிறகு நிழலுக்குத் திரும்பட்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். நண்பகல் வெயில் கடைசி இரண்டு மூன்று நாளில்தான். தண்ணீரைச் சற்றுக் குறைக்க வேண்டும். ஆனால் இலை துவளும்வரை விடக்கூடாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்றுண்டு: நாற்றின் தலையை உள்ளங்கையால் நாள்தோறும் மெல்லத் தடவிக் கொடுப்பது. இது விளையாட்டன்று. காற்றில் ஆடும் செடியைப் போலவே, தொடப்படும் நாற்றும் குட்டையாகவும் தண்டு பருத்தும் வளரும்.

இனி, என் கருத்துக்கு வருகிறேன். இந்தப் பத்து நாளே பாடம். முளைப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள், பழத்தை எல்லாரும் கேட்கிறார்கள். இடையிலுள்ள இந்த நாள்களுக்கு நம் புள்ளிப் பட்டியலில் ஓர் இடமும் இல்லை. பழத்துக்குப் புள்ளி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாமறிவோம். முதல்நாள் மாலை நாற்றுப்பண்ணையில் வாங்கிய செடி மறுநாள் வகுப்புக்கு வந்துவிடும். அதுவும் தக்காளி தாழ்நிலத்தில் எளிதில் காய்க்கும் செடியன்று. நம் நாட்டுத் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருவதற்குக் காரணம் அங்குள்ள குளிர்ந்த இரவுகள். வெப்பம் குறையாத இரவில் பூ உதிர்ந்துவிடும். வாடல் நோய் வேறு இருக்கிறது. தைவானில் 1971-இல் நிறுவப்பட்ட உலகக் காய்கறி மையம் வெப்பம் தாங்கும் வகைகளை உருவாக்கியதும், கத்தரி வேர்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டப் பரிந்துரைத்ததும் இத்தகைய இடர்களுக்காகவே. ஆய்வாளர்களே போராடும் ஒன்றுக்கு நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் பழம் கேட்பது முறையா? "பிறகு வெண்டியை நட்டுவிட்டுப் போகலாமே" என்றார் ஓர் ஆசிரிய நண்பர். நடலாம். ஆனால் வெண்டியை நேரே மண்ணில் விதைத்துவிடுவோம், பழக்கும் வேலை இராது.

பெற்றோரின் இடரும் எனக்குத் தெரியும். இங்கே பலர் விடியுமுன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்கு நாற்றை வெளியே வைத்து ஒன்பதுக்கு உள்ளே எடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆகவே இந்தப் பத்து நாளும் நாற்று பள்ளியில்தான் இருக்கவேண்டும். முதல் பாடவேளைக்கு முன் வெளியே, ஓய்வு நேரத்தில் உள்ளே. முறை வைத்து இரண்டிரண்டு பேர். சனி, ஞாயிறு மட்டும் தாழ்வார நிழலில் நீர்த்தட்டின்மேல் நிற்கட்டும். (2025 ஜனவரியில் ஜொகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியதில், பழைய வெள்ளி, சனி முறைப் பட்டியலையே ஒட்டிவைத்து ஒரு ஞாயிறு நாற்றுகளைத் திறந்தவெளியில் விட்டவளும் நானே.)

பிள்ளை வளர்ப்போடு ஒப்பிட்டு ஓர் உரை நிகழ்த்துவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். அதைப் பரிசளிப்பு விழாக்களில் வேண்டுமளவு கேட்டுவிட்டோம். எனக்கு வேண்டியது ஒரு குறிப்பேடு. எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தது, இலை எப்படி இருந்தது, யார் எடுத்து வைத்தார்கள். செடி செத்தாலும் குறிப்பேட்டில் காரணம் இருந்தால் முழுப் புள்ளி.

அந்தத் தாயாரிடம் புள்ளி குறையாது என்று சொல்லிவிட்டேன். மகளுக்குப் புதிதாக ஆறு விதைகள் கொடுத்திருக்கிறேன். தாளிலிருந்த அந்த வரியையும் அடித்துவிட்டேன். அதன் இடத்தில் இப்போது பத்துக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது.