பெரியம்மா சொன்னது பொய்யில்லை

ஏற்காட்டில் சமதளம் என்பதே அபூர்வம். கடைக்குப் போனால் இறக்கம், வீட்டுக்குத் திரும்பினால் ஏற்றம். அங்கே காபித் தோட்டத்தில் பழம் பறித்தே முப்பது வருஷம் ஓட்டியவர் என் பெரியம்மா. போன வருஷம் அவருக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது.

எட்டு மாதம் கழித்து வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார். வாசலுக்கு ஏறும் பதினெட்டுப் படிகளில்தான் தகராறு. "முட்டிக்கு முன்னாடி சுருக்குனு இழுக்குது கண்ணு. இறங்கறப்ப இன்னும் மோசம்" என்பார். எக்ஸ்ரே பார்த்த இடத்தில், "புது மூட்டு சரியா உட்கார்ந்திருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். பழி பெரியம்மா மேல் விழுந்தது. "பயிற்சி செய்யச் சோம்பல்" என்றோம். நானும்தான் சொன்னேன். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரவில்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. குனிந்து நுழையும் அந்தக் குகைக் கோயிலுக்கு அதுவரை ஒரு வருஷம்கூடப் போகாமல் இருந்ததில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலத்தில் வேறொரு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முழங்காலைச் சற்று மடக்கவைத்து, பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன் எடுத்த படத்தையும் கேட்டார். நல்லவேளை, பீரோ மேல் பத்திரமாக இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து, சில்லு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். சில்லின் அடியிலிருந்து கீழ்க்கால் எலும்புக்குப் போகும் தசைநாரின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுப்பது முதல் கணக்கு. 1971-ல் இன்சால், சல்வாட்டி என்ற இரு மருத்துவர்கள் சொன்னது. ஏறக்குறைய 1 வந்தால் சரி. பெரியம்மாவுக்கு இரண்டு படத்திலும் 1 வந்தது. தசைநார் சுருங்கவில்லை.

"இன்னொரு கணக்கு இருக்கு" என்றார் மருத்துவர். 1977-ல் பிளாக்பர்ன், பீல் சொன்னது. கீழ்க்கால் எலும்பின் மேல்மட்டத்திலிருந்து சில்லின் உராயும் பரப்பு எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்று பார்த்து, அந்தப் பரப்பின் நீளத்தால் வகுக்கிறார்கள். 0.8 ஒட்டி வரவேண்டும். பழைய படத்தில் அப்படித்தான் இருந்தது. புதிய படத்தில் 0.5.

எலும்பை வெட்டிப் புது மூட்டு பொருத்தும்போது, மூட்டின் மட்டம் சில மில்லிமீட்டர் மேலே ஏறிவிடலாமாம். வீட்டுக்குப் புதிதாக டைல்ஸ் போட்டதும் கதவு தரையில் உரசுமே, அந்தக் கதைதான். கதவு இறங்கவில்லை, தரை உயர்ந்துவிட்டது. முதல் கணக்கு தசைநாரைத்தான் பார்க்கும். உயர்ந்த தரை அதன் கண்ணில் படாது.

மறுபடி ஆபரேஷன் என்பது கடைசி வழி என்றார். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், தாழ்வான நாற்காலியில் உட்காராமல் இருப்பதும்தான் இப்போதைக்கு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். நான் வாசற்படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுக்கொடுத்தேன்.

மூட்டு மாற்றியபின் வரும் எல்லா வலிக்கும் சில்லு காரணமில்லை. வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். மாதங்கள் கழிந்தும் படியில் முன்பக்கம் வலித்தால், "சில்லின் உயரத்தை அளந்து பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் முகம் தெளிந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் சும்மா சொல்லலைன்னு இப்பவாவது தெரிஞ்சுதா கண்ணு?"