ஒரு மணிக்கு ஆயிரம் தேங்காய்

என் பெரியப்பா மகனுக்கு ஆனைமலையில் தென்னந்தோப்பு. எந்த விலையைச் சொன்னாலும் தேங்காயாக மாற்றினால்தான் அண்ணனுக்குப் புரியும். டி.வி. இத்தனை காய், மகளுக்குக் கொலுசு இத்தனை காய்.

மகனைப் பைலட்டுக்குப் படிக்க வைத்தார். "ஒரு மணி நேரம் மேல சுத்திட்டு வந்தா பதினஞ்சாயிரம் தம்பி. காய் பதினஞ்சு ரூபான்னு வெச்சுக்க. ஆயிரம் காய்!"

கமர்ஷியல் லைசென்ஸுக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி, தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். ஆக, இரண்டு லட்சம் காய் பாராமதி வானத்தில் புகையாகப் போனது. (1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சி - பழநி பஸ் ஓட்டியபோது இப்படி யாரும் மணிக்கணக்கு கேட்டிருக்க மாட்டார்கள்!)

லைசென்ஸ் வந்து ஒன்பது மாதம் ஆயிற்று. வேலைதான் வரவில்லை. பெரிய கம்பெனிகள், அவர்கள் ஓட்டும் ரக விமானத்துக்குத் தனியாக டைப் ரேட்டிங் முடித்துக்கொண்டு வா என்கின்றன. அதற்கு இன்னொரு தோப்பு வேண்டும். சின்ன சார்ட்டர் கம்பெனியில் கேட்டால், "இருநூறு மணிதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். கல்யாணத் தரகர் மட்டும் விடாமல் வந்தார்.

"பையன் எந்த பிளேன் ஓட்டறாப்லைங்க?"

"இப்போதைக்கு லைசென்ஸ் இருக்குதுங்க."

"அது எங்கிட்டயும் இருக்குதுங்களே, டூ வீலருக்கு!"

போன வாரம் அண்ணன் பீளமேட்டில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். மகனும் கூட. காபி ஆறியது. அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"வடக்க ஒரு ஏஜென்ட்டு போன்ல பேசறான். அம்பது மணி, பறக்கவே வேண்டாம், நோட்டுல எழுதி சீல் வெச்சுக் குடுத்தர்றேங்கறான். பாதிக் காசு. இருபத்தஞ்சாயிரம் காய் மிச்சம். நீ பி.காம். படிச்சவன், கணக்கு எழுதறவன். எழுதலாமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உடனே 'கூடாது' என்று வாயில் வரவில்லை. ஒரு காலத்தில் ஆபீஸில் டவுன்பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோவுக்கு வவுச்சர் போட்ட கை இது. நீங்கள் மட்டும் என்னவாம்!

இந்த வித்தைக்குப் பைலட்டுகள் வட்டாரத்தில் 'பார்க்கர் பேனா மணி' என்று உலகம் பூராவும் ஒரு கிண்டல் பெயரே உண்டு. விமானம் பறக்காது, பேனா பறக்கும். 2011-ல் ராஜஸ்தானில் இப்படிப் பறக்காத மணிகளைக் காட்டி லைசென்ஸ் வாங்கியதாக எழுந்த புகார் போலீஸ் வரை போனது.

பையன் பேசாமல் பையிலிருந்து லாக்புக்கை எடுத்தான். அசல் பேரேடுதான். தேதி, விமானம், எங்கிருந்து எங்கே, பகல், இரவு, தனியாக, வாத்தியாரோடு என்று கட்டம் கட்டமாக. ஒரு வரியில் விரலை வைத்தான். 1 மணி 20 நிமிஷம்.

"இது செஸ்னா 152-ங்க சித்தப்பா. ஆளு, பெட்ரோல் எல்லாஞ் சேத்து 757 கிலோவைத் தாண்டக் கூடாது. நான் தனியாப் போயிருந்தேன். திரும்பி வந்தா ரன்வேக்குக் குறுக்க காத்து. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நம்ம தென்னைய எப்படிச் சாய்க்கும், அந்த மாதிரி. ரெண்டு தடவை எறக்கப் பாத்து, முடியாம மேல தூக்கிட்டேனுங்க. பெட்ரோல் முள்ளப் பாக்கவே பயம். மூணாவது தடவைதான் சக்கரம் தரையில பட்டுது. எறங்கி அரை மணி நேரம் கை நடுக்கம் நிக்கலைங்க."

அண்ணன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதை அவருக்கும் புதிது போலிருக்கிறது.

"இப்படி வரைக்கும் ஏஜென்ட்டு என்னத்தைங்க எழுதுவான்? நாளைக்குப் பின்னாடி நூத்தம்பது பேரு உக்காந்திருக்கறப்ப அந்தக் காத்து அடிச்சா?"

மணி எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதும் வாஸ்தவம். 2009-ல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பயணிகள் விமானத்துக்குப் பொதுவாக 1,500 மணி வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500-ஐ எப்போதோ தாண்டியவர்கள்! நெருக்கடியில் விமானம் வேகம் இழந்தபோது, கேப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் தூக்கிவிட்டார். நிஜமாகப் பறந்த மணியே கைவிடுகிற தொழிலில், பேனா மணியை நம்பி யார் ஏறுவது?

"வேண்டாங்ணா" என்றேன். வவுச்சர் போட்ட கைக்கு அதைச் சொல்ல இத்தனை நேரம் ஆயிற்று.

"அப்ப மணி எப்படிச் சேரும்?" என்றார் அண்ணன், பரிதாபமாக.

பையன் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான். இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி எடுக்கப் போகிறானாம். சம்பளம் சொற்பம்தான். ஆனால் மாணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு மணியும் இவன் லாக்புக்கிலும் ஏறும். பறக்கிற செலவு மாணவனுடையது.

அண்ணன் மனசுக்குள் கணக்குப் போடுவது உதட்டிலேயே தெரிந்தது. மெல்ல முகம் மலர்ந்தது. ஆறின காபியை ஒரே மடக்காகக் குடித்தார்.

"அப்படின்னா, இனி இவன் பறக்கறதுக்கு வேற எவனோ ஒரு அப்பன் தேங்காய் விக்கோணும்னு சொல்லு!"