மணி அடிக்க ஆள் இல்லையாம்!

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் நான் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். புதுச்சேரி அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து, மேலதிகாரி முன்னால் வாயைத் திறக்காமலே ஓய்வு பெற்றவன் நான். "அப்பா, நீங்களா கத்தினீங்க?" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

விஷயம் கோயில் மணி. எங்கள் கோயில் கோபுரத்தில் இரண்டு வெண்கல மணிகள் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். இப்போது காலை, மதியம், மாலை மூன்று வேளையும் 'மணி அடிப்பது' சக்கிரீஸ்து அறையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. எந்த ஊர் மணியையோ பதிவு செய்து அதில் வைத்திருக்கிறார்கள். நேரம் வந்ததும் கோபுரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி வழியாக அது கத்துகிறது. நிஜ மணிகள் அதற்குப் பக்கத்திலேயே சும்மா தொங்குகின்றன. கூட்டத்தில் அந்தப் பெட்டிக்குப் புதிதாக நான்கு ஒலிபெருக்கி வாங்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. நான் எதிர்த்தேன். "சத்தம் ஒண்ணுதானே அங்கிள், யார் அடிச்சா என்ன?" என்றார் ஒரு தம்பி. அங்கேதான் எனக்குக் குரல் ஏறியது.

முதலில் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். மணி வார்க்கும் வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். அப்படி வார்த்த மணியிலிருந்து ஒரே ஒரு ஸ்வரம் வருவதில்லை. நாக்கு பட்டதும் காதில் விழுவது ஒன்று. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே நெடுநேரம் ரீங்கரித்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. மேலே இன்னும் சில. வாசலில் நிற்பவன் நெஞ்சில் உணர்வது அந்தக் கீழ் நாதத்தைத்தான். கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழ் ஸ்தாயி வராது. மிச்சம் கிடைப்பது தகரத்தைத் தட்டிய சத்தம்.

இரண்டாவது, அடிக்கும் கை. அறுபதுகளின் தொடக்கத்தில், பத்து வயதில், பூசைக்கு உதவி செய்யும் பையனாக இருந்தேன். எங்கள் கோயில்பிள்ளை தாத்தாதான் எனக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் முழு பலத்தோடு இழுத்தேன். மணி அசையவே இல்லை. "பலத்தைக் காட்டாதடா, ஊஞ்சல்ல குழந்தையை ஆட்டுற மாதிரி" என்றார். மூன்று நான்கு இழுப்புக்குச் சத்தமே வராது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நாக்கு விளிம்பைத் தொடும்போதுதான் முதல் அடி விழும். கயிறு மேலே போகும்போது பிடித்து நிறுத்தக் கூடாது. நான் பிடித்தேன். தரையிலிருந்து இரண்டு அடி மேலே போய் இறங்கினேன். தாத்தா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆரம்பிப்பதைவிட நிறுத்துவது கஷ்டம். ஆட்டத்தைச் சரியாக அடக்காவிட்டால், எல்லாம் முடிந்த பிறகு ஒரு அரை அடி தனியாக விழும். அப்படி விழுந்தால் தாத்தா முகம் சுளிப்பார். எனக்கு ஒழுங்காக நிறுத்த வர ஒரு வருஷம் ஆயிற்று. வந்த நாளில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பிற்பாடு எந்தப் பதவி உயர்விலும் கிடைக்கவில்லை.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த மொழியில் மணி அடிப்பதற்கு ஒரு வார்த்தை போதாது. மணியை முழுதாக ஆட்டி அடிப்பது 'ஆ லா வொலே'. ஒற்றை ஒற்றையாகத் தட்டுவது 'தேந்தே'. சாவுக்கு அடிப்பது 'க்லா'. தீ, வெள்ளம், எதிரி என்றால் படபடவென்று அடிப்பது 'தொக்சேன்'. தாத்தாவுக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் இத்தனையும் அவர் கைக்குத் தெரியும். மூவேளைச் செபத்துக்கு மூன்று, மூன்று, மூன்று, பிறகு நீளமாக அடிப்பார். நடுவில் விடும் இடைவெளி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும் நேரம். அவர் கடிகாரம் பார்த்ததில்லை. உதடு அசையும், செபம் முடிந்ததும் கை இறங்கும். பெட்டி எதைச் சொல்லி முடிக்கிறது?

மூன்றாவதுதான் முக்கியம். மணி அடிக்கிறவனுக்குப் பாதி வேலை கண்ணில்.

பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடித்த மணி, பாஸ்கா இரவில் அதே கீதம் வரும் வரை வாய் திறக்கக் கூடாது. மணிகளெல்லாம் ரோமுக்குப் பறந்து போய்விட்டன, உயிர்ப்பு ஞாயிறன்று திரும்பி வரும் என்று பிரான்சில் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். நாம் அந்த நாட்களில் மரக்கட்டை தட்டுவோம். இரண்டு வருஷத்துக்கு முன், பெரிய வெள்ளியன்று மதியம் 12 மணிக்கு எங்கள் பெட்டி கணகணவென்று அடித்தது. அணைத்து வைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. அன்று என்ன நாள் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் என் மனைவி காலமானாள். வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போனோம். வண்டி தெருமுனையில் திரும்பியதும் யாரோ பொத்தானை அமுக்கினார்கள். துக்க மணிப் பதிவின் நீளம் இரண்டு நிமிஷம். நடுவில் ஒரு மினி லாரி வழியை அடைத்துக்கொண்டது. இரண்டு நிமிஷம் ஆனதும் மணி நின்றுவிட்டது. மிச்ச வழியை மோட்டார் சைக்கிள் ஹாரன் சத்தத்தில் நடந்தோம்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா இறந்தார். ஐப்பசி மாதம், நல்ல மழை. ஊர்வலம் பாதி வழியில் ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றது. கோயில்பிள்ளை தாத்தா கோபுரப் படியில் பாதி ஏறி, சன்னல் வழியாக முன்னால் வரும் சிலுவையைப் பார்த்து அடிக்கத் தொடங்கியிருந்தார். சிலுவை நின்றதை அவர் பார்த்தார். நிறுத்தவில்லை. பெட்டி வாசல்படி தாண்டி உள்ளே போகும் வரை, நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஒற்றை ஒற்றையாக அடித்தார். மழையில் நின்ற எங்களுக்கு, அங்கே ஒருவர் எங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. சத்தம் ஒன்றுதானே என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்.

இனி அவர்கள் சொன்ன காரணங்கள்.

"பாரிஸ் நோத்ர் தாம் கோயிலிலேயே மோட்டார்தானே?" என்றார்கள். உண்மைதான். ஆனால் அந்த மோட்டார் ஆட்டுவது நிஜ மணியை. அங்கே இருக்கும் 'எம்மனுவேல்' 13 டன்னுக்கும் அதிக எடை, பதினேழாம் நூற்றாண்டில் வார்த்தது. மோட்டார் வைத்தால் நான் முணுமுணுப்பேன், ஆனால் கத்த மாட்டேன். நம் கோயிலில் மணி இருக்க, அதன் பக்கத்திலேயே வேறு ஊர் மணியின் பதிவு ஓடுகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கோபுரம் பழசு, ஆட்டினால் தாங்காது." பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். தாங்காது என்றால் மணியை ஆட்ட வேண்டாம், நாக்கில் கயிறு கட்டித் தட்டலாம். அதற்குக் கோபுரம் அசையாது.

"ஆள் இல்லை." இங்கிலாந்தில் மணிக்கூட்டம் தொங்கும் கோபுரங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். மணிக்கு ஒருவராக நின்று, வரிசையை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். ஏழு மணி இருந்தால் 5040 வரிசை. ஒன்றுகூடத் திரும்ப வராமல் அடித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம். அடிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கள். முதல் உலகப் போரில் அவர்களில் 1400 பேர் இறந்தார்கள் என்று, போர் முடிந்த நூற்றாண்டான 2018இல், அத்தனை புது ஆட்களைக் கேட்டு அழைத்தார்கள். வந்தார்கள். ஸ்பெயினில் கையால் மணி அடிக்கும் மரபை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் பாடற்குழுவில் இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவேளை மணிக்கு மூன்று நிமிஷம். ஆள் இல்லை என்கிறவர்கள் யாரையாவது கேட்டார்களா?

"சம்பளம் கட்டுபடியாகாது." இதற்கு மட்டும் நான் தலைகுனிய வேண்டும். கோயில்பிள்ளை தாத்தாவுக்கும் அவருக்குப் பின் வந்தவருக்கும் நாம் கொடுத்தது சம்பளமே இல்லை. நான் அலுவலகத்தில் சம்பள பில் போடும் பிரிவில் இருந்தவன். அகவிலைப்படியைப் பைசா சுத்தமாகக் கணக்கிட்ட நான், தினம் மூன்று வேளை கேட்ட மணிக்கு என்ன கூலி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கடைசியாக இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது யாரும் தடுக்கவில்லை. ஆள் இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு.

தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கயிறு நான் வாங்கித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிய மணிக்கு என் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன். வலது தோள் வலிக்கிறதுதான், தட்டுகிற மணிக்கு இடது கை போதும். காலைக்கும் மாலைக்கும் ஆள் வேண்டும். இதைப் படிக்கும் எங்கள் பங்குப் பிள்ளைகள் யாராவது இருந்தால், சாயங்காலம் பூசைக்கு அரை மணி முன்னால் கோபுரத்துக்குக் கீழே வாருங்கள். நிறுத்துவது எப்படி என்பதையும் சொல்லித் தருகிறேன்.